வெளிச்சம் தெரியாத கேமரா

விருதுநகரில் என் கேமரா கடைக்கு வந்தவர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். நகக்கண்ணில் வெள்ளிப் பொடி அப்பியிருந்தது. ஒவ்வொரு கேமராவையும் எடுக்குமுன் கடையின் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்தார். உடம்பு மின்சாரத்தால் பொறி பறக்காமலிருக்க, வெடிமருந்தைத் தொடுமுன் கம்பெனியில் அப்படித்தான் செய்வார்களாம்.

தீபாவளிச் சத்தத்தில் அவருடைய நாய் ஓடிவிட்டது. கொல்லையில் தினமும் சோறு வைக்கிறார். விடிந்தால் தட்டு காலியாக இருக்கிறது. இருட்டில் வருவது அதுதானா என்று பார்க்க வேண்டும்.

விலை குறைந்த கேமராவில் இரவில் சின்னதாகச் சிவப்பு வெளிச்சம் தெரியும் என்றேன்.

“அது வேண்டாம் தம்பி. நெருப்புன்னு பயந்துரும். அன்னைக்கு வெடிச்சது நான் செஞ்ச வெடியாக்கூட இருக்கும்.”

வெளிச்சம் தெரியாததையே வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் மெமரி கார்டோடு வந்தார். “நீங்களே பாருங்க. எனக்குத் தெம்பு இல்ல.”

எல்லா இரவும் ஒரே பூனைதான் வந்து தின்றிருந்தது. சொன்னேன்.

கதவில் உள்ளங்கையை வைத்துவிட்டு, கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அப்ப இனிமே ரெண்டு தட்டு வைக்கணும் தம்பி. நம்ம நாய் வாரப்ப சோறு இல்லாமப் போயிரக் கூடாதுல்ல.”