சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டவர்

அண்ணன் இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு, அண்ணனைப் பற்றிக் கூட்டாமல் குறைக்காமல் எழுதித் தரும்படி அண்ணியார் கேட்டுக்கொண்டார்.

கல்வராயன் மலையடிவாரத்தில், எங்கள் ஊரின் மேலத்தெருவில் அண்ணன் பிறந்தார். அப்பா இறந்ததும் பள்ளியை விட்டுக் கரும்பு வெட்டப் போனார். எங்களுக்குச் சோறு போட்டவர் சித்தப்பா. பிறகு அண்ணன் உபதேசியார் ஆனார். மலைக் கிராமங்களுக்கு நடந்து போய்ப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார். கோபக்காரர். செபம் மறந்த பிள்ளைகளை முட்டி போட வைப்பார்.

எங்கள் கோவில் திருவிழாவில் சப்பரத்தை மேலத்தெரு மட்டுமே தூக்கும். கீழத்தெரு பின்னால் நடக்கும். சாதி என்ற சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் கீழத்தெருவினர், வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைத்தால்தான் வருவோம், வந்தால் தோள் கொடுப்போம் என்றார்கள். மேலத்தெருவுக்குப் பெரியவரான சித்தப்பா மறுத்தார். இரண்டு தெருவும் தூக்காவிட்டால் சப்பரம் வெளியே வராது என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார்.

திருவிழா மாலையில் கோவிலுக்கு இந்தப் பக்கம் மேலத்தெரு, அந்தப் பக்கம் கீழத்தெரு. இரண்டு பக்கமும் கல் குவிந்திருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த போலீஸ் வேன் சாலையில் நின்றது. அண்ணன் வெறுங்கையோடு கீழத்தெருப் பக்கம் நடந்தார்.

"டேய், திரும்பி வாடா! இன்னும் பால் பல்லு வுழலியா உனக்கு?" என்று சித்தப்பா பின்னாலிருந்து கத்தினார். மேலத்தெருவில் சிலர் சிரித்தார்கள்.

கீழத்தெருப் பெரியவர் அருளப்பன் முன்னால் வந்தார். "இன்னா உபதேசியாரே, வெத்தலகூட இல்லாம கைய வீசிக்கினு வந்துட்டீங்க?"

"கூப்புட வர்லீங்க. கூப்புடறவன் வூட்டுக்காரன் ஆயிடுவான். கோவிலு இன்னா என் வூடா? என்னையும் சேத்துக்குவீங்களான்னு கேக்க வந்தேன்."

ஓர் இளைஞர் கையிலிருந்த கல்லைப் போடாமலே கேட்டார்: "நாங்க வேணாம்னா?"

"இங்கியே நிப்பேன்."

நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அருளப்பன், "சப்பரத்துல பின்னாடி கொம்புதான் கெடைக்கும்" என்றார்.

"குடுங்க."

கீழத்தெருவினர் சப்பரத்தைத் தூக்கினார்கள். பின்கொம்பில் அண்ணன் தோள் கொடுத்தார். மேலத்தெருவில் பாதிப் பேர் வந்து சேர்ந்தார்கள். மீதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள், சித்தப்பாவும்.

யார் பெரியவர் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தினார். அண்ணன் அதற்குச் சொன்ன விளக்கம் எனக்கு நினைவிருக்கிறது: "கொழந்தன்னா நல்லதுன்னு நெனைக்காத. அதுவும் அடிச்சிக்கும், பொய் சொல்லும். ஆனா ஆட்டத்துல சேரணும்னா நேரா போயி கேக்கும். கேட்டா கொறைஞ்சி போயிடுவோம்னு அதுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுது, அதான் வெனை."

சித்தப்பா அதன்பின் அண்ணனோடு பேசவில்லை. அண்ணன் மகள் திருமணத்துக்கும் வரவில்லை. ஒவ்வொரு திருவிழாவிலும் அண்ணன் அவர் வாசலில் போய் நின்றார். கதவு திறக்கவில்லை. அது அண்ணனுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

கடைசி நாட்களில் கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் ஒரு வாய்த் தண்ணீருக்கும் அண்ணன் பிறரைக் கேட்க வேண்டியிருந்தது. கூச்சமில்லாமல் கேட்டார். தண்ணீர் கொடுத்த செவிலியர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த அருளப்பன் பிள்ளைகளுக்கும், அடக்கத்துக்கு மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த நினைவு மலரைச் சித்தப்பாவுக்கு அஞ்சலில் அனுப்பவில்லை. திருப்பலி முடிந்ததும் அண்ணியாரும் நானும் கையில் எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போகிறோம். சித்தப்பா, இந்த வரியை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் கதவு திறந்தது என்று பொருள். உங்களுக்கும் எங்கள் நன்றி.