சந்தியில் அறுந்த தந்திகள்

கித்தாரின் தந்தி ஒன்று அறுந்தால் ஒரு சத்தம். அடிதடியில் எல்லாத் தந்திகளும் ஒன்றாக அறுந்தால், மிதிபட்ட நாய் கத்துவது போன்ற வேறொரு சத்தம். மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டு வாசலில் நின்று சிறுமியாக அதைக் கேட்டேன். பிள்ளைகள் பெற்று வளர்த்த பிறகும் அது காதை விட்டுப் போகவில்லை.

முஹர்ரம் வந்தால் எங்கள் பக்கத்து இளைஞர்கள் "போரியா" கட்டுவார்கள். தெருவுக்கொரு கூட்டம் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும். தலைவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர், சிற்றப்பா முறையான காதர் சாச்சா. கித்தார் வாசிப்பவர் என் அண்ணன் யூசுப். அண்ணனை நாங்கள் "நானா" என்போம். நானா புத்தகம் வாங்கிப் படித்தே கற்றவர். எந்தச் சுரங்களைச் சேர்த்து அமுக்கினால் என்ன பெயர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வாசித்தால் மட்டும் உயிர் இராது.

"என்னடா யூசுப், வாய்ப்பாடா ஒப்பிக்கிறே? நம்ம ஆளுங்க நடக்கிறாங்க லா, கால் சத்தம் வரட்டும்!" என்று சாச்சா எல்லார் முன்னாலும் சிரிப்பார்.

ரோஷத்தில் நானா ஒருநாள் கூட்டத்தோடு வெறுங்கையாக நடந்து பார்த்தார். மறுநாள் வலது உள்ளங்கையைத் தந்திகளின்மேல் அமுக்கி வைத்து மீட்டியபோது, செருப்புக் கால்கள் மண்ணில் விழும் ஓசை வந்தது. சாச்சா மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் தனியாக வாசித்தார்; அதுவும் சுரவரிசையை முழுக்க ஓட்டாமல், வேண்டிய சில சுரங்களைப் பொறுக்கி, பாட்டுக்குப் பதில் சொல்வதுபோல.

அந்த முஹர்ரத்தின் கடைசி மாலை, எங்கள் வீட்டெதிர்ச் சந்தியில் அடுத்த தெருக் கூட்டம் எதிர்ப்பட்டது. இப்படிச் சந்தித்தால் ஒருவரையொருவர் பாட்டில் வைவது வழக்கம். மூக்கு, மாமியார், மீன் வியாபாரம் எதையும் இழுக்கலாம். எதிராளியின் மெட்டை மட்டும் தொடக் கூடாது. அவர்கள் "வாய்ப்பாட்டு யூசுப்பு" என்று பாட, சந்தியே சிரித்தது. நானா அவர்களுடைய துள்ளல் மெட்டையே எடுத்தார். அதன் மூன்றாம் சுரத்தை அரைச்சுரம் இறக்கி, தந்தியை விரலால் இழுத்து இழுத்து, மய்யித்து வீட்டு ஒப்பாரியாக்கிவிட்டார். அவ்வளவு உயிரோடு அவர் அதற்குமுன் வாசித்ததில்லை. சிரிப்பு அடங்கிப்போயிற்று.

"உசிரோட நிக்கிறோம், எங்களுக்கே மய்யித்து எடுக்க சந்தூக்கு தூக்குறியாடா?" என்று பாய்ந்தான் அவர்களுடைய மத்தளக்காரன்.

முதல் அடி கித்தாரின் கழுத்தில், அதைப் பிடித்திருந்த இடக்கையின் மேலேயே விழுந்தது. பிறகு கம்பு, இடைவார், சோடாப் பாட்டில். ஒருவன் பல்லைத் துப்பினான். சாச்சாவின் காது கிழிந்து தொங்கியது. "கைய விடுங்கடா, கைய மட்டும் விடுங்கடா!" என்று நானா கதறினார், அதைக் கேட்டுத்தான் அந்தக் கையைத் தேடித் தேடி மிதித்தார்கள். உம்மா என் கண்ணைப் பொத்தினார். விரலிடுக்கில் எல்லாம் தெரிந்தது. போலீஸ் வந்து கலைத்தபோது நானாவின் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. அவை பிறகு மடங்கவே இல்லை.

இன்று அந்தச் சந்தியில் மோட்டார் கார்கள் ஓடுகின்றன. பாட்டில் மோதிக்கொள்ளும் கூட்டங்கள் அங்கே வருவதில்லை. என் மகன் கித்தார் வாங்கியிருக்கிறான். வாய்ப்பாடுபோல அவன் வாசித்தவரை நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்தேன். நேற்று மாலை ஒரு சுரத்தை இறக்கி, இழுத்தான். அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். நாற்காலியிலிருந்த நானா, மடங்காத விரல்களால் தொடையில் தட்டி, "அப்படித்தான் மருமவனே! இன்னும் இழு!" என்றார்.

நான் நிறுத்தச் சொல்லவில்லை. தெருப்பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன்.