உணரூ என்றார் வித்தைக்காரர்

கேரளத்துத் தேவிகுளத்துக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் தேயிலைச் செடி கவாத்து வெட்டுகிற மொக்கையன் என் பக்கத்து வீட்டுக்காரன். யார் எதைச் சொன்னாலும் நம்புவான். இரண்டு மழைக்காலமாக அவன் லயத்து வீட்டுக் கூரைத் தகரம் ஒழுகியது. பச்சை உடம்புக்காரியான அவன் பெண்டாட்டி வேலுத்தாய் கைப்பிள்ளையோடு மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தாள். கங்காணி குருசாமியைக் கேட்டால், "மாத்துவோம்லே, பொறு" என்பார். அதையும் இவன் நம்பினான்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்து மூன்றில் எஸ்டேட் விழாவுக்கு தமிழும் பேசுகிற மலையாளி ஹிப்னாடிச வித்தைக்காரர் ஒருவர் வந்தார். கண்ணிலே காந்தம் என்று நோட்டீஸ். காந்தமாவது மண்ணாவது! எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். இமை ஒட்டிக்கொண்டது, இனித் திறக்க வராது என்று தாலாட்டுகிற குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டென்று திறந்துவிட்ட என்னைப் போன்ற அடங்காப்பிடாரிகளை விட்டுவிட்டு, திறக்க முடியாமல் தவித்தவர்களை மட்டும் மேடைக்கு அழைத்தார். வித்தையே அந்தப் பொறுக்கலில்தான் இருக்கிறது. சொன்னபடி கேட்கத் தயாராக இருப்பவனுக்கு ஒரு குரல் போதும். தேயிலைத் தோட்டத்தில் அப்படிப்பட்டவர்களுக்கா பஞ்சம்?

"நீ இப்போ எஸ்டேட் துரை" என்றார் மொக்கையனிடம். அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் வித்தைக்காரர் விரலைச் சொடுக்கி, "உணரூ!" என்றார். மலையாளத்தில் அதற்கு விழித்துக்கொள் என்று பொருள். மற்றவர்கள் விழித்தார்கள். கடையில் அரிசி வாங்கும் அளவுக்கே மலையாளம் தெரிந்த மொக்கையன் அதைத் தமிழாகக் கேட்டான். தான் துரை என்பதை எலும்பு வரைக்கும் உணர்ந்தான்.

மறுநாள் காலை வேலை பிரிக்கிற களத்துக்கு இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தான்.

"ஏய் கங்காணி! என் லயத்துல கூரை ஒழுகுது. இன்னைக்கே புதுத் தகரம் போடணும். ம், போ!"

எதிரே நிற்பது மொக்கையன் என்று குருசாமிக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அந்த அதட்டலைக் கேட்டதும் அவர் தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது.

"சரிங்க தொரை."

இத்தனைக்கும் மனுஷர் மேடை ஏறவே இல்லை! துரை உத்தரவு என்றதும் ஸ்டோர்க்காரரும் தகரத்தை எடுத்துக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் கூரை முடிந்தது. சாயங்காலம் கொட்டிய மழையில் வேலுத்தாய் நனையாமல் ஒரே இடத்தில் படுத்துத் தூங்கினாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அடுத்த நாளே நிஜத் துரையின் ஜீப் வந்து நின்றது.

"யாரு தகரம் குடுக்கச் சொன்னது?"

குருசாமி மொக்கையனைக் கைகாட்டினார். போடுடா பாவி, இன்னும் ஒரே ஒரு அதட்டல் போடு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மொக்கையனின் முதுகு வளைந்தது. கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. எந்த வித்தைக்காரரும் பக்கத்தில் இல்லை.

"தெரியாமச் செஞ்சுட்டேன் தொரை."

"கழட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது. காவலுக்கு ஆள்கூட வைக்கவில்லை. மொக்கையனே ஏணியைச் சாத்தி ஏறி, புதுத் தகரத்தை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான். பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு கீழே நின்ற வேலுத்தாய் அழுதபடியே கேட்டாள்:

"ஏன்யா, அந்த வித்தைக்காரர எங்கயாவது தேடிப் பிடிச்சு, ஒன்ன மறுபடி உறங்க வைக்கச் சொல்லவா?"