பேப்பர் கப் பாட்டு

எங்கள் பங்க் ராக் இசைக்குழுவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் குமட்டும்.

கடத்தூரில் நாங்கள் மூன்று பேர். பாடுகிறவனும் கிட்டார்காரனும் பங்காளிகள், நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளைகள். டிரம்ஸ் நான், காலனியிலிருந்து. டிரம்ஸ் என்றால் பாதி செட்டுதான். மீதிக்கு நீல பிளாஸ்டிக் பீப்பாயும் எண்ணெய் டின்னும். பாடகன் வீட்டுத் தோட்டத்தில் பட்டுப்புழுக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. அதில்தான் பயிற்சி. புழுக் கழிவும் அழுகிய மல்பெரித் தழையும் சேர்ந்து அடித்த நாற்றம், இரண்டு முறை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. சுருதி எங்களுக்கு எட்டாத சமாச்சாரம். இருந்தும் கம்பைநல்லூர் வரை எங்களுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். ஒரு கல்லூரி விழாவில் நாற்காலியை எல்லாம் உடைத்தார்கள்.

எல்லாம் ஒரே பாட்டால். ஊர் டீக்கடையில் எங்கள் காலனி ஆட்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுப்பார்கள். கேட்டால் சுத்தம், சுகாதாரம் என்பார்கள். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். "அவனுக்குக் கிளாஸு, எனக்கேண்டா கப்பு?" என்று பாடகன் தொண்டை கிழியக் கத்துவான். எழுதியவனும் அவன்தான். ஒருநாள் அந்தக் கடை வாசலிலேயே நின்று கத்தினான். அவனை நான் கும்பிடாத குறைதான்.

ஆனால் பத்து வருஷப் பழக்கத்தில் அவன் வீட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. கொட்டகையோடு சரி. அப்பா காலத்து வீடு, அவன் என்ன செய்வான் என்று நானே அவனுக்காக வக்காலத்து வாங்கிக்கொள்வேன். போன தையில் அவனே வீடு கட்டிக் குடிபுகுந்தான். "மச்சான், நம்ம புது வூட்டுக்கு நீ வராம எப்பிடிடா? நம்ம பாட்டு அடிக்கணும்" என்று போனில் கூப்பிட்டான். சொந்த வீடு, அவன் சொல்தான் செல்லும். உள்ளே கூப்பிடுவான் என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

பந்தலில் வாசித்தோம். அவன் சொந்தக்காரர்கள் அந்தப் பாட்டுக்கு விசிலடித்து ஆடினார்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. முடிந்ததும் கிட்டார்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். நானும் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தேன். பாடகன் என் தோளைத் தொட்டான். அவன் கையில் டீ, பேப்பர் கப்பில். உள்ளே எல்லோர் கையிலும் எவர்சில்வர் டம்ளர்.

"அம்மா சங்கட்டப்படுவாங்கடா. இன்னிக்கு ஒரு நாளு அட்ஜஸ்ட் பண்ணிக்க மச்சான்" என்றான். பாட்டைக் கத்தியதில் குரல் இன்னும் கம்மியிருந்தது.

அவன் மூஞ்சியில் ஊற்றியிருக்க வேண்டும். என்னை நினைத்தால்தான் எனக்கு அதிகம் குமட்டுகிறது. அவிழ்த்த லேஸைக் கட்டினேன். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். "நல்லாருக்குடா" என்றேன். பிறகு, கப்பை எங்கே போடுவது என்று அவனிடமே கேட்டேன்.