சந்திரகிரி மலையில் கைதி குடித்த தண்ணீர்

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரேணிகுண்டாவில் பட்டறை, நாராயணவனத்தில் கல்யாண மண்டபம் என்று கிடைத்த இடத்தில் வேலை, கிடைத்த இடத்தில் தூக்கம். போன கோடையில் சந்திரகிரி மலைக்கோட்டையில் முள் வெட்டப் போனேன். எனக்கு ஜோடி, விசைத்தறி நின்றுபோன நகரிக்காரர் ஒருவர். வயதில் மூத்தவர்.

அந்தக் காலத்தில் ஒரு ராஜா தன் தம்பியை அந்த மலையில்தான் சிறை வைத்திருந்தாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. எங்கே படுத்திருப்பான், சோற்றை யார் மேலே தூக்கி வந்திருப்பார்கள் என்று ஒவ்வொரு சுவராகப் பார்ப்பேன்.

“ஜெயில சுத்திப் பாக்க வந்தியா, முள்ளு வெட்ட வந்தியாடா?” என்பார் அவர்.

ஒருநாள் தண்ணீர் கேன் கைநழுவி, பாறையில் உருண்டு உடைந்தது. உச்சி வெயிலில் அவருக்கு வியர்வையே நின்றுபோனது. நிழலில் சாய்ந்தவரால் எழ முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. நான் கீழே போய்த் திரும்பும்வரை தாங்குவாரா என்று பயம் வந்துவிட்டது.

“ண்ணா, கொல்றதுன்னா தம்பிய கீழயே கொன்னிருப்பான். மேல வச்சான்னா இங்க தண்ணி இருக்கணும்.”

“அவங்கிட்டயே போய்க் கேளு,” என்று முனகினார்.

மதில் ஓரமாகத் தேடினேன். ஒரு பள்ளத்தில் காய்ந்த முள் குவிந்து கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போவோம். நிற்கிற செடிக்குத்தான் எங்களுக்குக் கூலி. வெட்டிக் கிடப்பதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம். ஆனால் அந்தப் பக்கம் நாங்கள் இன்னும் வெட்டவே இல்லை. அப்படியானால் வெட்டிப் போட்டது யார்? ஆடு மேய்க்கிறவர்கள்தான். ஆடு விழாமலிருக்க எதையோ மூடியிருக்கிறார்கள்.

கவைக்கோலால் இழுத்துத் தள்ளினேன். அடியில், பாறையில் குடைந்த சுனை. பச்சை நிறத்தில் தண்ணீர்.

துண்டை நனைத்து அவர் தலையில் பிழிந்தேன். சோற்றுத் தூக்கில் மொண்டுவந்து கொடுத்தேன். முதல் வாய் வாந்தியாக வந்தது. அடுத்தது உள்ளே நின்றது. நிழல் நகர்ந்தபின் கண்ணை நன்றாகத் திறந்தார்.

“பாசி நாத்தம்டா. ராஜா வூட்டுப் புள்ள இதையா குடிச்சிக்கினு இருந்தான்?”

“பின்ன இன்னா, கலர் சோடாவா?”

சிரித்து, இருமினார். “அப்புறம் அவன வுட்டானுங்களா?” அந்தத் தம்பியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“வுட்டு, ராஜாவாவே ஆக்கினாங்களாம் ண்ணா.”

“நம்மள கீழ எறக்கினா போதும். கையக் குடு.”