படிக்கட்டில் ஏறிய சுண்ணாம்பு

அக்காவின் காலில் இருந்த காயத்தை முதலில் பார்த்தது நான்தான். அவளுக்கு அது தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. பஸ் படியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து முழங்கால்களுக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி கிடையாது. நீச்சல் குளத்திலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துத் துவட்டியபோது துண்டில் சிவப்பு ஒட்டியது. வலது பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலிலும் பெருவிரலின் அடியிலும் தோல், தேங்காய்த் துருவியில் தேய்த்ததுபோல் உரிந்திருந்தது.

"என்னடி பாக்கிற?"

"கொஞ்சம் சிராய்ப்பு."

"எப்போ ஆச்சு?" என்றாள், பக்கத்து வீட்டுக்காரியின் காலைப் பற்றி விசாரிப்பதுபோல.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. திருவனந்தபுரத்தில் சொந்த வீட்டில் நீச்சல் குளம் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. அப்பா ஆரியசாலையில் மளிகை மொத்தக் கடை ஒன்றில் கணக்குப்பிள்ளை. கடை முதலாளிக்கும் எங்களுக்கும் ஒரே ஊர், நாகர்கோவில் பக்கம். அப்பாவுக்கு அவர் அண்ணாச்சி, எங்களுக்கு மாமா, அவர் மனைவி அத்தை. சின்ன வயதில் கொழும்பில் யாரோ துரை வீட்டில் பார்த்த குளம் மாமாவின் மனதை விட்டுப் போகவே இல்லை. பேரூர்க்கடையில் வீடு கட்டியபோது பின்பக்கம் சிமெண்டில் ஒன்று கட்டிக்கொண்டார். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு அதில் இறங்க ஆளில்லை.

அக்காவைத் தண்ணீருக்குள் நிறுத்தி நடக்கவைத்துப் பார்க்கலாம், உடம்பின் பாரம் குறைந்தால் கால் தாங்கக்கூடும் என்று மருத்துவக் கல்லூரி டாக்டர் சொன்னார். கோயில் குளத்துப் பாசிப்படியில் அவளை இறக்க முடியாது. அப்பா இரண்டு மூன்று நாள் தயங்கிவிட்டு அண்ணாச்சியிடம் கேட்டார்.

"சும்மா கெடக்குற தண்ணிதானே ஓய். பிள்ளையைக் கூட்டிட்டு வாரும்" என்றார் மாமா.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வேன் கரமனையில் எங்கள் வீட்டுக்கு வரும். நான் டிரைவர் பக்கத்தில். அக்காவைப் பின்னால் வற்றல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே மெத்தை போட்டுப் படுக்கவைப்போம். காற்றுக்காகப் பின்கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். வழி முழுக்கத் தும்மிக்கொண்டு வருவாள். "இன்னைக்கு எத்தனை மூட்டைன்னு கேட்டா என்னையும் சேர்த்துச் சொல்லு" என்பாள் டிரைவரிடம்.

தண்ணீரில் அவள் நின்றாள். முதல் முறை அதைப் பார்த்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழைய பாவாடையை இடுப்போடு இறுகக் கட்டி, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் பாதம் பதிந்ததா என்று கண்ணால் பார்த்துப் பார்த்து இறங்குவாள். மார்பளவுத் தண்ணீரில் இடுப்பிலிருந்து காலை வீசி வைப்பாள். அது நடைதான். தரையில் இரண்டு பேர் தாங்கினாலும் மடிந்துவிடும் கால், அங்கே அவளைத் தாங்கியது. அவளுக்கு அந்தக் குளத்தைத் தவிர வேறு வாசல் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

குளத்துச் சுவரிலும் படியிலும் வெள்ளையாகக் கட்டியிருந்த சொரசொரப்பான படிவில் உரசி வந்த காயம். அது ஆறவில்லை. மருந்து வைத்துக் கட்டினோம், தண்ணீர் படாமல் பார்த்தோம். பெருவிரலில் சீழ் எலும்பு வரை போயிருந்தது. விரலை எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்த அன்று டாக்டர், புண் முழுதும் ஆறினால் மறுபடி குளத்தில் இறக்கலாம், ஆனால் சுவரும் படியும் இப்படி இருந்தால் கூடாது, அடுத்த முறை விரலோடு நிற்காது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அப்போது நான் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேதியியல் படித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான்.

எனக்கு முதலில் எழுந்த கேள்வி, படிவு எங்கிருந்து வந்தது என்பது. திருவனந்தபுரத்துத் தண்ணீர் மென்மையானது. எத்தனை வருஷம் வெந்நீர் போட்டாலும் அண்டாவின் அடியில் வெள்ளை கட்டாது. நான் அன்றாடம் சோதிக்கும் கிணற்றுத் தண்ணீரில் பெரும்பாலும் புளிப்புதான் அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான் இருந்தது. அந்தத் தண்ணீரில் குளத்துச் சுவர் சொரசொரப்பாக வெளுத்துப்போக நியாயமே இல்லை. ஒரு துண்டைச் சுரண்டி எடுத்து வந்து ஆசிட் சொட்டு விட்டேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புப் படிவுதான்.

மாமாவிடம் குளத்தை நானே சுத்தம் செய்து தருவதாகச் சொன்னேன்.

"நீயா? ஆளு வச்சுச் செய்யலாமே பிள்ளே."

"ஆசிட் வேலை மாமா. தெரியாதவங்க செஞ்சா ஆபத்து."

"பின்னே, படிச்ச பிள்ளை சொன்னா நாம கேக்கணும் அல்லே" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

தண்ணீரை இறைத்துக் கொட்டிய பிறகு குளம் தன் கதையைத் தானே சொன்னது. ஆழமான பக்கத்தில் படிவு காகிதக் கனம்தான். நீளவாட்டச் சுவர்களிலும் அப்படியே. படிக்கட்டில் மட்டும் விரற்கடை கனத்துக்குக் கட்டியிருந்தது, அடுக்கடுக்காக, கூர்மையாக. கடைசிப் படியின் மூலையில் ஓட்டை போட்ட மண்கலயம் ஒன்று கிடந்தது. கிணற்றில் பிளீச்சிங் பவுடரும் மணலும் நிரப்பிக் கட்டித் தொங்கவிடுகிற அதே கலயம். பக்கத்தில் சரியாகக் கரையாத சுண்ணாம்புக் கட்டிகள். அக்காவைத் தவிர அந்தப் படியில் இறங்குகிறவர்கள் யாருமில்லை.

கலயத்தை எடுத்து மேலே வைத்தேன். அத்தை பின்கட்டில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அது கிடக்கட்டும் மக்களே, நான்தான் போட்டது."

"எதுக்கு அத்தை?"

"கிணத்துல ஆள் இறங்கினா சுண்ணாம்பு போடுறது வழக்கந்தானே. தூர் வாரினா போடுறோம், வாளி எடுக்க இறங்கினாலும் போடுறோம். இதுவும் அதே மாதிரிதான்."

"எப்பெல்லாம் போடுவீங்க?"

"நீங்க போன உடனே. உங்க அக்கா இறங்கின இடத்துல ரெண்டு கை சுண்ணாம்பு. நோய்ப்பட்ட உடம்பு, மாசத்துல எல்லா நாளும் ஒரே மாதிரியா இருக்கும்? இதுல மனசு நோக என்ன இருக்கு? அவளுக்கும் நல்லதுதானே."

அவர் குரலில் வெறுப்பு கொஞ்சமும் இல்லை. அக்காவுக்கு மருத்துவமனைக்கு ஹார்லிக்ஸ் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். ரப்பர் குழாயைப் பிடித்தபடி நின்ற அப்பா குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி வீட்டுல பேச்சை வளர்க்காதே. அக்காகிட்ட இதைச் சொல்லவும் வேண்டாம்."

நான் வேலையைத் தொடங்கினேன். செய்ய வேண்டிய காரியங்களை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டால் எனக்கு வேறு எதுவும் தோன்றாது. முதலில் பிளீச்சிங் பவுடரின் மிச்சத்தை ஒரு துளி விடாமல் கழுவ வேண்டும், அதன்மேல் ஆசிட் பட்டால் எழும் வாயு குளத்தின் அடியிலேயே தங்கி நெஞ்சை அடைக்கும். அப்புறம் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. சுவரை நனைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். பொங்கி அடங்கியதும் தென்னை நார்ப் பிரஷ்ஷால் தேய்த்து உடனே கழுவ வேண்டும், தாமதித்தால் சிமெண்டையும் தின்றுவிடும். அடியில் தேங்கும் கழிவில் சலவை சோடா போட்டு வேகம் அடங்கிய பிறகுதான் வெளியே விட வேண்டும், கிணற்றுப் பக்கம் அல்லாமல்.

சாலை பஜாரில் அப்பா வாங்கிவந்த மியூரியாட்டிக் ஆசிட் கண்ணாடி ஜாடிகளில், வைக்கோல் சுற்றி இருந்தது. சுவர்கள் சீக்கிரம் முடிந்தன. படிகள் விடவில்லை. பூசிப் பொங்கவைத்து, கழுவி, மறுபடி பூசினேன். அத்தனை கழுவியும் ஏதோ ஒரு விரிசலில் பவுடர் தங்கியிருக்க வேண்டும். ஒரு தடவை குளோரின் வாடை குப்பென்று எழுந்தது. எதையும் யோசிக்காமல் மேலே ஏறிவிட்டேன். புல்லில் குப்புறக் கிடந்து இருமினேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. அப்பா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "போதும்மா, விட்டுரு" என்றார். வாடை முழுதும் போகும்வரை காத்திருந்து, குழாயால் விரிசலைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு மறுபடி இறங்கினேன்.

கடைசியில் கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு படியையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். பிறகு புறங்கையால். பிறகு, பைத்தியக்காரத்தனம்தான், கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"இவ்வளவு சுண்ணாம்பு எங்கிருந்துடி வந்துது?"

அப்பா செய்தித்தாளை இறக்கவில்லை. "தண்ணிதான்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்றதுன்னா உன் படிப்புக்குத் தக்கபடி சொல்லு. நீ முன்னால உக்காருவ. நான் பின்னால படுத்திருக்கேன், கதவு திறந்திருக்கு. வேன் பின்கேட்டைத் தாண்டுறதுக்குள்ள அவங்க வாளியைத் தூக்கிட்டு வந்துருவாங்க. முதல் ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பாக்கிறேன்."

"அப்போ ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா?"

சொல்லியிருந்தால் அப்பா அண்ணாச்சியிடம் கேட்டிருக்க வேண்டும், அல்லது கேட்காமல் எங்களை நிறுத்தியிருப்பார். எப்படிப் பார்த்தாலும் குளம் போயிருக்கும்.

"கால் இப்படி ஆகும்னு தெரியாது" என்றாள். விரல் இல்லாத பாதத்தின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். "அவங்க போடட்டும். நீ சுரண்டு. நான் நடக்கணும்."

புண் ஆறி, அவள் மறுபடி இறங்கிய ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. பெருவிரல் போனதால் தண்ணீருக்குள்ளும் வலப்பக்கம் சாய்ந்தாள். முன்பு சுவரை விட்டு நின்றவள் இப்போது சுவரை விடவில்லை. இழந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அத்தை பிரம்பு நாற்காலியிலிருந்து கேட்டார்: "தண்ணி குளிருதா மக்களே?"

"இல்லை அத்தை. நல்லா இருக்கு."

திரும்பும்போது நான் முன்னால் ஏறவில்லை. பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அக்காவின் பாதத்தை மடியில் எடுத்துவைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தேன். குதிகால், விளிம்பு, தையல் தழும்பு, எங்கும் கீறல் இல்லை. வேன் பின்கேட்டருகே வேகம் குறைந்தது. நிமிர்ந்தேன். அத்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியோடு படிக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"பாத்தியா" என்றாள் அக்கா. பிறகு மிளகாய் நெடி ஏறி இரண்டு பேரும் தும்மத் தொடங்கினோம்.