பள்ளிச் சட்டையில் எடுத்த அளவு

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய மீர்பூர்க்காரர்கள் வீட்டுக் கல்யாணம் எதுவும் ரஃபீகாவின் தையல் மெஷினைத் தாண்டிப் போனதில்லை. வீட்டு முன்னறைதான் கடை. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசி, இடையிடையே ஊர்வம்பு. ஆனால் அங்கே பேசியது அந்த வாசலைத் தாண்டாது. அதற்காகவே அவளைத் தேடி வந்தார்கள். அவளும் அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவி.

சிலர் கல்யாணப் பெண்ணை அழைத்து வரமாட்டார்கள். அவளுடைய பள்ளிச் சட்டையைக் கொண்டுவந்து, இந்த அளவுக்குத் தைத்துக்கொடு என்பார்கள். சட்டை மட்டும் வந்தால் பெண்ணுக்கு விஷயம் தெரியாது என்று பொருள். பதினெட்டு வருடத்தில் அப்படி நான்கு சட்டைகள் வந்திருந்தன. ரஃபீகா ஒன்றும் கேட்டதில்லை.

ஐந்தாவது சட்டையைப் போன ஜூனில் கொண்டுவந்தவள் பக்கத்துத் தெரு குல்ஷன்.

"சிவப்பு லெஹங்கா, பாஜி. ஜரிகையில கஞ்சத்தனம் பண்ணிடாதீங்க."

"யாருக்கு?"

"ஊர்ல என் நாத்தனார் பொண்ணுக்கு. உள்ள ரெண்டு அங்குலம் துணி விட்டுத் தைங்க, வளர்ற புள்ள. பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்."

காலரின் உட்புறம் பெயர் தைத்திருந்தது: ஸைமா. குல்ஷனின் சொந்த மகள், பதினைந்து வயது. இருவர் கண்ணிலும் அது பட்டது. ரஃபீகா டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள்.

பள்ளிக்கு ஒரு போன் போட்டால் போதும், ஸைமா ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே தடுத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ரஃபீகாவின் மகளுக்கு நிச்சயமாகியிருந்ததே குல்ஷனின் அண்ணன் வீட்டில்தான். நாம் வாயைத் திறந்தால் நம் பெண் வீட்டோடு நின்றுவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜரிகை வைத்தாள்.

ஜூலையில் ஒரு மத்தியானம் ஸைமாவே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, ஊர்ல அக்கா கல்யாணத்துக்கு அம்மா தைக்கக் குடுத்த என்னோட நீல டிரஸ்ஸப் பாக்கணும். அம்மாகிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க!"

நீலத்தை எடுத்துக் கொடுப்பதற்குள் சிவப்பைப் பார்த்துவிட்டாள். தடுக்கத் தடுக்க மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் ஒரு சுற்று சுற்றினாள்.

"கனகச்சிதமா இருக்கு! ஊர்ல அக்காவுக்கும் என் அளவா?"

ரஃபீகா குனிந்து லெஹங்காவின் விளிம்பைச் சரிசெய்தாள். கண்ணாடியில் அந்தப் பிள்ளையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"ஆன்ட்டி, இது அக்காவுக்குத்தானே? நீங்க சொன்னா நம்புறேன்."

'இல்லை' என்ற ஒரே ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவள் அந்தக் கதவிலிருந்து நேராகப் பள்ளிக்கு ஓடியிருப்பாள்.

"அக்காவுக்குத்தான்டி கண்ணு. அவளுக்கும் உன் உடல்வாகுதான்."

ஸைமா நிம்மதிப் பெருமூச்சு விட்டு லெஹங்காவைக் கழற்றினாள். செப்டம்பரில் பள்ளியில் நாடகம் இருக்கிறதாம், அவள்தான் நீதிபதியாம். அதைப் பேசிக்கொண்டே போனாள்.

செப்டம்பரில் பள்ளி திறந்த வாரம் குல்ஷன் வீட்டார் எல்லோரும் ஊரிலிருந்து திரும்பினார்கள், ஸைமா மட்டும் வரவில்லை. குல்ஷன் பெட்டி நிறைய இனிப்போடு வந்தாள்.

"என்ன கைராசி பாஜி உங்களுக்கு! ஒரு இடத்துல பிடிக்கவும் வேண்டியதில்ல, பிரிக்கவும் வேண்டியதில்ல. ஸைமாதான் மானத்த வாங்கிட்டா. நாலு பேர் பிடிச்சு உடுத்தி விட வேண்டியதாப் போச்சு. 'இது அக்காவோடது, ரஃபீகா ஆன்ட்டியே சொன்னாங்க'ன்னு ஒரே கத்தல். கிறுக்கு!"

குல்ஷன் சிரித்தாள். ரஃபீகா வாயில் வைத்த இனிப்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். அவள் போனதும் குளியலறையில் துப்பிவிட்டு, சுவரில் சாய்ந்து அழுதாள். இப்போது அழுது யாருக்கு என்ன லாபம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் காலை பள்ளிக்குப் போன் செய்தாள். மகளின் நிச்சயம் இன்றோடு முறியும் என்று தெரிந்தேதான் செய்தாள். டீச்சர் பொறுமையாகக் கேட்டாள். மாப்பிள்ளை பெயர், கிராமத்தின் பெயர், எல்லாம் குறித்துக்கொண்டாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்மா?"

பொய் சொல்ல இந்தத் தடவையும் இடம் இருந்தது.

"ஜூன்லயே தெரியும் மிஸ். அந்தப் புள்ள என் வீட்டுக்கே வந்து கேட்டுச்சு. நான்தான் உனக்கில்லைன்னு பொய் சொல்லிட்டேன்."